ஞாயிறு ஒரு மணிச் செய்தி

பூம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அலாவுதீன் கடைக்குப் போனால் டீ கிடைக்கும், வடை கிடைக்கும், டிவியில் படம் மட்டும் கிடைக்காது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த சண்டைப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் அரசாங்கச் சேனலுக்குப் போய்விடுவார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வாயைத் திறக்காமல் கையாலேயே செய்தி சொல்லிக்கொண்டிருப்பாள். காது கேளாதவர்களுக்கான செய்தி. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு கால் மணி நேரம்.

"பாய், வில்லன் சாகப்போற நேரத்துல மாத்துறீங்களே, இது ஞாயமா?" என்று யாராவது கேட்பார்கள்.

"அவன் எங்கலே போகப்போறான்? கால் மணி கழிச்சும் சாவான். செத்த பொறு."

அந்த நிகழ்ச்சிக்கு ஊரில் இருந்த ரசிகர் கூட்டம் மொத்தமும் ஒரே ஆள். ஜெயப்பிரியா. பெஞ்சின் நுனியில், பூண்டு வாசம் போகாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஊரார் அவளை ஊமச்சி என்பார்கள். கேட்காது என்ற தைரியத்தில் அவளுக்கு முன்னாலேயே சொல்வார்கள். முகத்தைப் பார்த்து அவள் அதைத் தெரிந்துகொள்கிறாள் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் அவர்களுக்குத் தெரியவில்லை.

அரசாங்கத் தொலைக்காட்சியைக் கேலி செய்வது சுலபம். விடிகாலையில் பக்திப் பாட்டு, பிறகு பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குக் கணக்குப் பாடம், சாயங்காலம் விவசாயிகளுக்கு நெல் நடவு. பூம்பாறையில் நெல் ஏது? பூண்டும் கேரட்டும் விளைகிற படிக்கட்டு வயலில் நாற்று நட்டால் குளிரில் அதுவும் சேர்ந்து விறைத்துப்போகும். ஆனாலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கேட்க யாரோ இருக்கிறார்கள் என்று. தனியார் சேனல்காரன் தலையை எண்ணித்தான் இலை போடுவான். இவர்கள் பந்திக்கு வருவது யார் என்றே தெரியாமல் ஒரு ஓரத்தில் இலை போட்டு வைத்திருந்தார்கள். அதில் வந்து உட்கார்ந்தவள்தான் ஜெயப்பிரியா.

அவள் பிறவியிலேயே கேளாதவள். வேலப்பர் கோயில் தேருக்கு வெடி போட்டபோது மற்றப் பிள்ளைகளெல்லாம் அலற, இவள் பாட்டுக்குப் பொரியைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. கொடைக்கானலிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி, மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது, விடுதியும் உண்டு, அனுப்புங்கள் என்று இரண்டு முறை வந்து சொல்லிப் பார்த்தார். "பேசத் தெரியாத பொட்டப்புள்ளயக் கண்காணாத ஊர்ல விட்டுட்டு நான் இங்க எப்படிச் சோறு திங்க?" என்று கேட்டுவிட்டாள் அம்மா. பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாசம் அவளை ஒரு பாஷையும் இல்லாமல் வளர்த்துவிட்டது. சோறு, மாடு, மழை, வா, போ, வேண்டாம். வீட்டில் அவளுக்கென்று இருந்த சைகைகள் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி பசியைச் சொல்லலாம். வேறு எதைச் சொல்ல?

போதாக்குறைக்குத் தலையாட்டல் வேறு. அவள் கையை ஆட்டி எதையாவது கேட்டால், சும்மா ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அம்மா தன் தாலியைத் தொட்டுக் காட்டி, உனக்கும் உண்டு என்று தலையாட்டினாள். மாப்பிள்ளை என்று இருவர் வந்து பார்த்ததோடு சரி. அம்மா போன பிறகு அண்ணன் ஞானவேல், தைப்பூசத்துக்குப் பழனிக்குக் கூட்டிப் போவதாக வருஷா வருஷம் தலையாட்டினான். நல்லவன்தான். அவனுக்கு வயல், கடன், பிள்ளைகள் என்று ஆயிரம் இருந்தது. அவள் ஒவ்வொரு வருஷமும் சேலையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்து, பிறகு பிரித்து வைத்தாள். வாயால் பேசுகிறவர்களின் வாக்கு இவ்வளவுதான் என்று அவளுக்கு விளங்கிப்போயிற்று.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் வயலில் இருந்தவர்களுக்கு டீ வாங்கத் தூக்குவாளியோடு கடைக்கு வந்தாள். டிவியில் ஒரு பெண் கையால் பேசிக்கொண்டிருந்தாள். இது யாரும் வீட்டில் செய்கிற வா, போ இல்லை. இரண்டு கையும் சேர்ந்து, விரல் விரலாக, ஓடுகிற தண்ணீர்போல ஒரு பேச்சு. அந்தப் பெண் நேராக இவளைப் பார்த்தே பேசினாள். ஜெயப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தன்னிடம்தான் பேசுகிறாள் என்பது புரிந்தது. அவளும் கையைத் தூக்கித் தனக்குத் தெரிந்த மாட்டையும் மழையையும் சோற்றையும் சொன்னாள். கடையே சிரித்தது. ஆறிப்போன டீயைக் கொண்டுபோய் வயலில் வசவு வாங்கினாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஓடி வந்தாள். இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தேதியும் கிழமையும் தெரியாதவள் ஒரு வாராந்திர நிகழ்ச்சியைக் கண்டுபிடிப்பது லேசா? தினம் தினம் வந்து நின்றாள். கடைசியில், கொடைக்கானல் சந்தைக்கு வெள்ளனே மூட்டை ஏற்றிப் போகும் நாளில்தான் அந்த அம்மாள் வருகிறாள் என்று பிடித்துவிட்டாள். அதற்குள் அலாவுதீனும் சங்கதியைப் பிடித்திருந்தார். அதிலிருந்து ஒரு மணியானால் ரிமோட் தானாக அவர் கைக்கு வந்துவிடும்.

செய்திக்குப் பக்கத்தில் படம் ஓடும். வெள்ளத்தில் வீடு போகும், அம்மாளின் கை ஒன்று சொல்லும். அப்போது அது வெள்ளம். கவிழ்ந்த ரயில், ஓட்டுப் போட்ட விரல், மாலை போட்ட மந்திரி, விலையேறிய வெங்காயம் என்று இப்படியே வருஷக்கணக்கில் சொல் சேர்த்தாள். பூண்டு உரித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். படமே இல்லாமல் அவள் கற்றுக்கொண்ட வாக்கியம் ஒன்றுதான். முடிக்கும்போது அந்த அம்மாள் சொல்வது: அடுத்த ஞாயிறு, இதே நேரம், மறுபடி சந்திப்போம். அதற்குப் படம் எதற்கு? சொன்னாள், வந்தாள். கிரிக்கெட் வந்தாலும், பட்ஜெட் வந்தாலும், பெரிய தலைவர் செத்தாலும் அந்தக் கால் மணி நேரத்தை யாரும் தொடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே மேலே உள்ளவர்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. உலகத்தில் அவளுக்கு யாராவது வாக்குக் கொடுத்துத் தவறாமல் காப்பாற்றினார்கள் என்றால், அது அந்தக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்திதான்.

ஆனால் அந்த அம்மாள் பேசுவாள், இவள் பேசினால் கேட்க மாட்டாள். கடையில் யார் சிரித்தாலும் ஜெயப்பிரியா பதில் சொல்லிப் பார்த்துவிட்டாள். எதிரே இருந்தவள் அடுத்த செய்திக்குப் போய்விடுவாள். தான் சொன்னதற்கு எதிரில் இரண்டு கை எழும்பிப் பதில் சொல்ல வேண்டும். ஒரு தரம், ஒரே ஒரு தரம். வேறு எதற்கும் அவள் அவ்வளவு ஏங்கவில்லை, தாலிக்குக்கூட.

போன சித்திரையில் அது நடந்தது.

சீசன் நேரத்தில் ஞானவேலின் மனைவி சுகன்யா, ஊருக்கு மேலே வண்டிகள் நின்று வேடிக்கை பார்க்கிற வளைவில் பூண்டுக் கடை போடுவாள். ஜெயப்பிரியா கூட இருந்து கட்டுக் கட்டித் தருவாள். ஒரு ஞாயிறு, ஒரு மணியாகப் போகிறதே என்று கீழே கிளம்ப எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு டாக்ஸியிலிருந்து இறங்கிய இளம் ஜோடி, பள்ளத்தாக்கைக் காட்டிக் கையால் பேசிக்கொண்டிருந்தது. அவன் சொல்ல, அவள் சொல்ல, இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

ஜெயப்பிரியா கையிலிருந்த பூண்டுக் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவர்கள் முன்னால் போய் நின்று, முதுகை நிமிர்த்தி, கை கூப்பி வணக்கம் சொன்னாள். அந்தப் பெண் முகம் மலர்ந்து எதையோ வேகமாகக் கேட்டாள். பேரைக் கேட்டிருப்பாள், ஊரைக் கேட்டிருப்பாள். அந்தச் சொல்லெல்லாம் இவளிடம் ஏது? செய்தியில் யாரும் யாரிடமும் உன் பேர் என்ன என்று கேட்பதில்லை. இருந்ததை எல்லாம் எடுத்துப் போட்டாள். வெள்ளம். பிரதமர். ரயில் விபத்து. கனமழை. வெங்காய விலை. தேர்தல்.

அந்தப் பையன் முதலில் சிரித்துவிட்டான். சிரிக்கத்தானே வரும். பெண் சிரிக்கவில்லை. சற்று நேரம் அந்தக் கைகளையே பார்த்தாள். அப்புறம் விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டு, கண்ணில் கண்ணாடி மாட்டுவதுபோல் காட்டினாள். அவளுக்கும் அந்த அம்மாளைத் தெரியும். ஜெயப்பிரியா ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் கை ஒழியவில்லை.

அந்தப் பெண் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நெஞ்சைத் தொட்டு 'நான்' சொல்லிக் கொடுத்தாள். நீ. அக்கா. பசியை மட்டும் சொல்லத் தெரிந்தவளுக்கு, சந்தோஷம். ஜெயப்பிரியா ஒன்று சொன்னால் அவள் இரண்டு பதில் சொன்னாள். எதிரில் கை எழும்பிற்று. பதில் வந்தது. கீழே அலாவுதீன் கடையில் செய்தி தொடங்கி முடிந்தும்விட்டது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அதைப் பார்க்கவில்லை.

நடுவில் அந்தப் பையன் போனைத் தூக்கிக் காட்டிச் சுகன்யாவிடம் நம்பர் கேட்டான். அவளைச் சுற்றி அப்போது மூன்று கிராக்கி. காசு அனுப்பக் கேட்கிறான் என்று நினைத்து, ஸ்கேன் பண்ணும் அட்டையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். பூண்டு வாங்கியதற்கு அவன் ஏற்கெனவே ரொக்கமாகக் கொடுத்திருந்தான். சிரித்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டுவிட்டான். வீடியோவில் கூப்பிட்டால் முகம் பார்த்துக் கையால் பேசிக்கொள்ள ஒரு வழி இருந்தது. அது அந்த அட்டையோடு போயிற்று.

டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்து அடித்து அலுத்து, இறங்கி வந்தான். "யாருக்குக்கா ஹாரன் அடிக்கிறேன்னு எனக்கே தெரியல" என்றான் சுகன்யாவிடம். "திருப்பூர் பனியன் கம்பெனில வேலையாம். நாளைக்கே லீவு முடியுது. மன்னவனூர வேற பாத்துட்டு ராத்திரியே எறங்கணும். வெரசாப் போனாத்தான் ஆச்சு."

அவர்கள் எழுந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று சொல்ல ஜெயப்பிரியாவுக்கு உயிரே தவித்தது. அதற்கான சொல்லை எந்தச் செய்தியிலும் யாரும் சொன்னதில்லை. பிரிகிற இடத்தில் சொல்ல அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நிமிர்ந்து நின்று சொன்னாள்: அடுத்த ஞாயிறு. இதே நேரம். மறுபடி சந்திப்போம்.

வண்டியில் ஏறிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்து, அதே கைகளால் அதையே சொன்னாள். சந்திப்போம்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. நாமும் ஒவ்வொரு வாசலிலும் போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்கிறோம். திரும்பி எத்தனை வீட்டுக்கு வந்திருக்கிறோம்? போய்ட்டு வர்றேன் என்பதற்குப் போகிறேன் என்று அர்த்தம் என்பது காது கேட்கிறவர்களுக்குப் பிள்ளையிலேயே விளங்கிவிடும். ஜெயப்பிரியாவுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அடுத்த ஞாயிறு அவள் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பழனிக்கென்று மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வளைவில் நின்றாள். அதற்கடுத்த ஞாயிறும் நின்றாள். சீசன் முடிந்தது, சுகன்யா கடையை எடுத்துவிட்டாள். மழை தொடங்கிற்று. அவள் மட்டும் சந்தை நாள் தவறாமல் மேலே ஏறிப் போனாள்.

"அவங்க திருப்பூர்ல இருக்காக பாய். இத நான் எந்தக் கையால சொல்ல? எனக்குத் தெரிஞ்சது சோறும் மாடும்தான்" என்று சுகன்யா அலாவுதீனிடம் வந்து அழுதாள். "நனைஞ்சு நிக்கிறா. உங்களுக்காச்சும் கட்டுப்படுவா. கூட்டியாந்திருங்க."

அலாவுதீன் கல்லாவை மனைவி ஹமீதுன்னிசாவிடம் விட்டுவிட்டு, டிவியை அரசாங்கச் சேனலில் வைத்துவிட்டு, குடையோடு மலையேறினார். முழங்கால் வலிக்காரர், மூச்சு வாங்கிவிட்டது. அவள் முன்னால் நின்று கையால் ஒரு பெட்டி வரைந்து காட்டி, கீழே கடையைக் காட்டினார். அவள் வேண்டாம் என்றாள். அவர் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார். மலை இறங்கிப் போவதைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்து, தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். வர மாட்டாங்க தாயி.

அவர் சொன்னது அவளுக்கு முழுக்கப் புரிந்தது. அவரை ஒரு நிமிஷம் பரிவோடு பார்த்தாள். பாவம், நல்ல மனுஷன், அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறார். ஆனால் அவரும் வாயால் பேசுகிறவர்தானே. வாயால் பேசுகிறவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள், இப்படியும் ஆட்டுவார்கள், அப்படியும் ஆட்டுவார்கள். அவளுக்கு வாக்குக் கொடுத்தது கையால் பேசுகிறவள். கையால் பேசுகிறவர்கள் ஒரு ஞாயிறும் அவளிடம் பொய் சொன்னதில்லை.

பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து சாலையை மூடத் தொடங்கியது. வருகிற வண்டியின் கண்ணுக்குத் தான் தெரியாமல் போய்விடக் கூடாதென்று, ஜெயப்பிரியா அவருடைய குடையை விட்டு விலகிச் சாலைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டாள்.