கேசட்டின் மறுபக்கம்

எண்பதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அத்தை மேற்படிப்புக்காக கிளாஸ்கோ போனாள். அவளுக்குக் கடிதம் எழுதச் சோம்பல். பேசிப் பதிவு செய்து கேசட்டாக அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், சிட்லபாக்கம் வீட்டுக் கூடத்தில் அப்பா டேப் ரெக்கார்டரை நடுவில் வைப்பார். குளிர், உருளைக்கிழங்கு, பேராசிரியர் என்று அத்தை வரிசையாக ஒப்பிப்பாள். தங்கை ஒழுங்காகப் படிக்கிறாள் என்று அப்பா தலையாட்டிக்கொள்வார். மறுபக்கம் காலி என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிறு, முதல் பக்கம் முடிந்ததும் கேசட்டை எடுக்க அம்மா அவசரமாக எழுந்தாள். பொத்தானை அழுத்தும் உரிமை என்னுடையது. முந்திக்கொண்டு திருப்பிப் போட்டேன்.

முதலில் கிதார். பிறகு ஒரு பையனின் கூச்சமான குரல். நடுவில் வயலின் புகுந்து, அந்த ஆங்கிலப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கமகத்தை இழைத்துவிட்டுப் போனது. அப்புறம் அத்தை பேசினாள்.

“அண்ணி, வயலின் நான்தான்! நாங்க நாலு பேர். முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர் வந்தாங்க, அதுல ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க. கேசட்டை நாங்களே காப்பி பண்ணி, அட்டைய நானே வரைஞ்சு, கடை கடையா குடுக்கறோம். போன வாரம் ரேடியோல ஒரு தடவை போட்டாங்க. இப்ப ஒரு பெரிய குழு தங்களோட ஊர் ஊரா வந்து வாசிக்கச் சொல்றாங்க. பரீட்சையும் அப்பதான். அண்ணாகிட்ட சொல்லாதீங்க. போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று அப்பா கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள்.

“பாட்டை இன்னொரு தடவை போடு” என்றார் என்னிடம். கண்ணை மூடிக் கேட்டார். “நல்லாத்தான் வாசிக்கறா.”

நான் கைதட்டினேன்.

மறுநாள் காலையில் அப்பா தாம்பரம் போய், படிப்பை முடிக்கச் சொல்லி அத்தைக்குத் தந்தி கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அத்தை படிப்பை முடித்தாள். மற்ற மூவரும் வேறொரு வயலின்காரியோடு ஊர் ஊராகப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களுடைய முதல் இசைத்தட்டை அத்தையே வாங்கிக்கொண்டு வந்து காட்டினாள். அதைப் போட்டுக் கேட்க எங்கள் வீட்டில் கருவி இல்லை.

அந்தத் தந்திக்குப் பிறகு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு ஒரே வருத்தம். அப்பாவே மெச்சிய பாட்டைப் போட்டுக் காட்டியவள் நான்தானே! அதுவரை அம்மாவிடம் யாரும் எதற்கும் முடிவு கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.