எட்டு லிங்கமும் ஒரு பரீட்சையும்

ஆசிரியர் பயிற்சியில் நான் தேறாமல் போனது உளவியல் தாளில். அதிலும் நினைவு, மறதி என்கிற பாடத்தில். கேள்வியைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். முதலில் சிரித்ததே அவர்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. "இன்னொரு தடவை எழுதட்டும். அதுலயும் போச்சுன்னா வீட்டு வேலைய பாக்கட்டும்" என்று மாமனார் சொல்லிவிட்டார். எனக்கோ டீச்சராகாமல் கட்டை வேகாது என்றிருந்தது.

ஒன்பது பேர் இருந்த வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை. வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலைல மலைய சுத்திக்கினே படிக்கலாம். வழியில எட்டு லிங்கம் இருக்குதில்ல? ஒவ்வொண்ணுகிட்டயும் பாடத்துல ஒரு பகுதிய வெச்சுட்டு வா."

முதலில் வரும் இந்திர லிங்கத்தில் 'கவனம்' என்ற பகுதியை வைத்தேன், அடுத்த அக்கினி லிங்கத்தில் மனத்திலிருத்தலை. ஏழாவதான குபேர லிங்கத்துக்கு மறதியின் காரணங்கள். வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர். அவர் நோட்டைப் பார்த்துக் கேட்பார், நான் ஒப்பிப்பேன். சாமி கும்பிட்டேனா என்றால் சத்தியமாக இல்லை. வீட்டில் அவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது, அங்கே பேசினோம்.

பரீட்சையில் பெரிய கேள்வியே மறதியின் காரணங்கள்தான். மனசுக்குள் நேராகக் குபேர லிங்கத்துக்குப் போகப் பார்த்தேன், முடியவில்லை. எட்டாவது லிங்கத்திலிருந்து திரும்பி வந்தால் பக்கம். ஆனால் மலையை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? மனசு மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் இந்திர லிங்கத்திலிருந்தே கிளம்பினேன். பெஞ்சுக்கு அடியில் கால் தானாக அசைந்தது. கால் மணி நேரம் போயே போய்விட்டது.

ஒருவழியாகக் குபேர லிங்கம் வந்தது, பாடம் வரவில்லை. அங்கே ஒரு நாள் என் பாதத்தை மடியில் வைத்து முள் எடுத்துக்கொண்டே அவர் சொன்னதுதான் வந்தது. "மறந்தா மறந்துட்டு போவுது. இன்னொரு சுத்து சுத்துவோம்." கண் கலங்கிவிட்டது. அதன் பின்னாலேயே, அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் ஒப்பித்த காரணங்கள் ஐந்தும் வரிசையாக வந்தன.

பாஸானேன். மாமனார் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழக்கத்தில் விழித்துக்கொண்டேன். வீட்டுக்காரரும் விழித்தபடிதான் படுத்திருந்தார்.

"அதான் பாஸாயிட்டியேம்மா. இனிமே எதுக்கு நடக்கணும்?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நடையை எவ்வளவு விரும்பினேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "திருப்பிப் பாக்காம விட்டா மறந்துடுமாம். பாடத்துலயே இருக்குது" என்றேன்.

மற்றவர்கள் எழுவதற்குள் சத்தமில்லாமல் கதவைத் திறந்து, முதலில் தெருவில் இறங்கியவர் அவர்தான்.