இரண்டரை கிராம்

என் அக்கா புருஷன் எடை மேடையில் வேலை பார்ப்பவர். சரக்குக் கிடங்குகளுக்குப் போகும் சாலை திரும்புகிற மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் அவர், ஒரு கணினி, ஒரு மேசை விசிறி. லாரி மேடையில் ஏறும், நிற்கும், திரையில் எண் விழும். சீட்டை ஜன்னல் வழியாக நீட்டுவார். லாரி இறங்கும், அடுத்தது ஏறும். பதினான்கு வருடமாக இதுதான்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து எதைப் பார்ப்பார் என்று நினைக்கிறீர்கள்? லாரியைத்தான். ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற லாரி.

மேசை மேல் தண்டவாளம் போட்டுக் குட்டி ரயில் விடுகிற பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய ஸ்டேஷன் வாசலில் நிறுத்த அதே அளவுக்குக் குட்டி வண்டிகள் வேண்டுமல்லவா? அதற்காகவே பழங்காலத்து லாரி, வேன், பஸ் எல்லாவற்றையும் எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ஈயக் கலவையில் வார்த்து, உடல் தனி, சக்கரம் தனி, விளக்கு தனி என்று துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். கிட் என்று பெயர். வாங்குகிறவர் அரத்தால் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து வண்டியாக்கிக்கொள்ள வேண்டும். செய்கிறவர்களும் பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. எங்கோ ஒருவர் தன் வீட்டுப் பின்னறையில் உருக்கி ஊற்றித் தபாலில் அனுப்புவார். மாமாவிடம் அப்படி முப்பத்தேழு பெட்டிகள் இருந்தன. ரொட்டி வேன், பால் லாரி, தீயணைப்பு வண்டி, மாடி பஸ். நிஜத்தில் ஓடி ஓய்ந்து அறுபது எழுபது வருடமானவை.

"நாள் பூரா லாரிக்கு நடுவுலயே இருக்கீங்க, வீட்டுக்கு வந்தும் லாரியா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க நான் எங்க மாப்ளே லாரியப் பாக்குறேன்? ஜன்னல் வழியா ஒரு டயரு தெரியும், கதவுல பாதி தெரியும், டிரைவரோட முழங்கை தெரியும். ஒரு தடவையாவது ஒரு லாரிய முழுசா, மேலேருந்து பாக்கணும்னு ஆசை."

ஆசைப்பட்டாரே தவிர, ஒரு பெட்டியைக்கூட அவர் பிரித்ததில்லை. மேலே ஒட்டிய படத்தோடு சரி. "பிரிச்சா அது உதிரி சாமான். பிரிக்காத வரைக்கும் அது முழு லாரி" என்பார். சேர்க்கிறவர்களுக்குள் அப்படி ஒரு கணக்கு உண்டாம். சீல் உடையாத பெட்டிக்குத்தான் மரியாதை.

"கல்யாணத்துக்கு வந்த இஸ்திரிப் பெட்டியையே ரெண்டு வருஷம் அட்டையோட வெச்சிருந்த மனுஷன்டா இவரு" என்பாள் அக்கா. "என்னையும் அப்படியே அலமாரி மேல வெச்சிருப்பாரு. நான்தான் இடம் பத்தாதுன்னு எறங்கிட்டேன்."

பிரிக்காமல் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நகைக்கடையில் கழித்துப் போட்ட ஒரு சின்ன மின்தராசு வைத்திருந்தார். தபாலில் பெட்டி வந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் அதை நிறுத்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் எடையை எழுதுவார். பால் லாரியின் அடியில் 47.6 என்று இருந்தது. அதற்கப்புறம் அது அலமாரி மேல் ஏறிவிடும்.

நான் அப்போது அக்கா வீட்டில் தங்கி என் முதல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. கிராமத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போன பட்டம் அது. அங்கி போட்டு நான் நிற்கிற படம் அக்கா வீட்டு ஹாலில்தான் தொங்கியது. மின்கட்டணச் சீட்டோ மருந்துச் சீட்டோ, வீட்டுக்குள் எந்தக் காகிதம் வந்தாலும், "அவன்கிட்ட குடு, படிச்சுச் சொல்லுவான்" என்று என் கைக்கு வந்துவிடும். நானும் கண்ணாடி போடாத குறையாகப் படித்துச் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பெட்டிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பால் லாரி கையில் இருந்தபோது எடை மேடையிலிருந்து போன். திரை உறைந்துவிட்டது, மேடையில் லாரி நிற்கிறது, டிரைவர் கத்துகிறார். பெட்டியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் பால்கனிக்குப் போனார். பத்து நிமிடம் இருக்கும்.

என் அக்கா மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கட்டில் மேல் இருப்பதை எட்டி இழுக்கப் பழகியிருந்த நேரம். அக்கா துணி மடித்துக்கொண்டு அறைக்குள் வந்து பார்த்தால், பாப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கிழிந்த பெட்டி, சுற்றிலும் லாரி. வாய் அசைகிறது.

அக்கா போட்ட சத்தத்தில் நானும் மாமாவும் ஓடிவந்தோம். அவள் ஏற்கெனவே விரலை விட்டு வாயைத் துழாவிவிட்டாள். ஒன்றும் இல்லை. பாப்பா அழவும் இல்லை, இருமவும் இல்லை. எல்லோரும் தன்னிடம் விளையாட வந்துவிட்டதாக நினைத்துச் சிரித்தாள். மாமாவும் நானும் முழங்கால் போட்டுப் பொறுக்கினோம். சில துண்டுகள் விரலுக்கே அகப்படாத சிறுசு. பக்கத்தில் கிடந்த ஏதோ ஒரு தாளை மடித்து, முறத்தால் அள்ளுவதுபோல் அள்ளிப் பெட்டியில் கொட்டினேன்.

மாமா பெட்டி, அட்டை, கவர், துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்தார்.

45.1.

மறுபடி எடுத்து வைத்தார். 45.1.

"ரெண்டரை கிராம் குறையுது" என்றார். ஒரு சக்கரத்தை மட்டும் தனியாக எடுத்துத் தராசில் போட்டார். 2.4.

"நாலு சக்கரம் இருக்கே மாமா?"

"ஸ்டெப்னி இருந்துச்சோ என்னமோ. பின்னாடி ரெட்டைச் சக்கரமோ என்னமோ. படத்துல ஒரு பக்கந்தானே தெரியுது? உள்ள எத்தனை இருந்துச்சுன்னு நான் எப்பக் கண்டேன்?"

முப்பத்தேழு பெட்டிக்குச் சொந்தக்காரர். ஒன்றிலும் எத்தனை துண்டு என்று அவருக்குத் தெரியாது.

"ஈயம்" என்றேன் நான். படித்தவன் அல்லவா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மாமா, இது ஈயக் கலவை. வயித்துக்குள்ள இருக்கக் கூடாது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "பெட்டிய எடுத்துக்கோங்க, டாக்டர் கேப்பாங்க" என்று மட்டும் சொல்லி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் இறங்கினாள்.

வாடகைக் கார் பிடித்தோம். மாமா முன் ஸீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன். வீட்டுக்குப் போனதும் ஒண்ணு விடாம." அக்கா பாப்பாவின் வாயை மறுபடி திறந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் பாப்பாவை எடை பார்த்தார். "பத்து கிலோ இருநூறு."

"சிஸ்டர், இந்த மெஷின் எத்தனை கிராம் வரைக்கும் சரியாக் காட்டும்?" என்று மாமா கேட்டார்.

"எதுக்கு சார்?"

"ரெண்டரை கிராம் கூடியிருக்கான்னு..."

"அய்யோ, சும்மா இருங்களேன்!" என்று அக்கா கத்தினாள். கத்தியவுடன் அழுதும்விட்டாள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பாப்பா அம்மாவின் கண்ணீரை ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டர் அம்மா அமைதியானவர். பாப்பாவின் தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மூச்சைக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கா. ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம். உலோகம்னா பளிச்சுன்னு தெரிஞ்சுடும். வெளிய உக்காருங்க, கூப்பிடுவாங்க."

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. எங்களுக்கு முன்னால் நான்கு பேர். நர்ஸ் ஒரு பதிவு எண்ணைச் சொல்லி, "எழுதி வெச்சுக்கோங்க, உள்ள கேப்பாங்க" என்றார். சட்டைப் பையில் கைவிட்டேன். பேனாவும் இருந்தது, மடித்த தாள் ஒன்றும் இருந்தது. எண்ணை எழுதுவதற்காகத் தாளைப் பிரித்தேன்.

தாளில் ஒரு லாரி.

பிரித்துப் போட்ட லாரி. ஒவ்வொரு துண்டும் தனியாக வரைந்து, பக்கத்தில் எண் போட்டு, எதை எதோடு ஒட்ட வேண்டும் என்று அம்புக்குறி காட்டிய படம். பெட்டிக்குள் துண்டுகளுக்கு அடியில் மடிந்து கிடந்த தாள். பாப்பா எடுத்து எறிந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் நான் மற்றதையெல்லாம் அள்ளியிருக்கிறேன். அள்ளி முடித்ததும் பையில் திணித்திருக்கிறேன். வீட்டுக்குள் வருகிற எல்லாக் காகிதத்தையும் படித்துச் சொல்கிறவன், இந்த ஒன்றை மட்டும் படிக்கவில்லை.

"மாமா" என்றேன். "உங்க 47.6-ல இந்தத் தாளும் சேர்த்தியா?"

மாமா தாளை வாங்கி உள்ளங்கையில் வைத்தார். தராசு தேவைப்படவில்லை; அந்தக் கைக்கு எடை தெரியும். அரைத் தாள். கண்ணை மூடினார். "இருக்கும். ரெண்டரை இருக்கும்." உடனே கண்ணைத் திறந்தார். "இருக்கும்னு சொன்னாப் போதாது. எத்தனை துண்டுன்னு போட்டிருக்கு?"

"இருபத்துமூணு."

பெஞ்சின் மேல் கைக்குட்டையை விரித்து எண்ணினோம். நான் எண்ணைப் படிப்பேன், மாமா துண்டை எடுத்து வைப்பார். சக்கரம் நான்கு, நான்கேதான். ஸ்டெப்னி கிடையாது. பால் கேன்கள் ஆறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கையில் கட்டுப் போட்ட ஒருவர், "அந்தக் கேனை மறுபடி எண்ணுங்க, ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று உதவிக்கு வந்தார். எண்ணினோம். இருபத்திரண்டு.

"எது இல்ல?" என்றாள் அக்கா.

"ஸ்டியரிங்."

படத்தில் அது துவரம்பருப்பு அளவு. மாமா பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார். அக்கா என்னைப் பார்த்து, "டேய், பையத் திருப்புடா" என்றாள்.

சட்டைப் பையை வெளியே இழுத்து உதறினேன். ஒரு பஸ் டிக்கெட், கொஞ்சம் நூல் பிசிறு, அதற்குள் சிக்கிக்கொண்டு ஒரு குட்டி ஸ்டியரிங். கைக்குட்டை மேல் சத்தமே இல்லாமல் விழுந்தது.

கட்டுப் போட்டவர்தான் முதலில் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. சுவரில் தலையைச் சாய்த்து, கூண்டுக்குள் கடைசி லாரிக்குச் சீட்டுக் கொடுத்து முடித்தவர்போல நீளமாக ஒரு மூச்சு விட்டார். அக்கா பாப்பாவின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். "பட்டம் வாங்குனவன் பையில இருந்திருக்கு பாரு!"

இருந்தாலும் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கத்தான் சொன்னார். "லாரி சரி, வீட்டுல வேற என்னென்ன கெடக்கோ?" படத்தில் பாப்பாவின் விலா எலும்புகள் சீப்புப் பற்கள்போலத் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. வாயில் வைத்திருப்பாளோ என்ற சந்தேகத்துக்காக ரத்தமும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அதுவும் நல்லபடியாக வந்தது. கையைக் கழுவாமல் அந்தத் துண்டுகளைத் தொடக் கூடாது, பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் வைக்கவே கூடாது என்று டாக்டர் மாமாவைக் கண்டித்து அனுப்பினார். மாமா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அலமாரியிடம் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம்.

"என்ன பண்றீங்க?" என்றாள் அக்கா.

"யாருக்காவது குடுத்துடறேன்."

"குடுத்துட்டு நாளைக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு என் முன்னாடிதானே உக்காருவீங்க? அதெல்லாம் வேணாம். பூட்டு போட்ட பீரோல வெச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு. எத்தனை துண்டுன்னு தெரியாத பொருள் இனிமே என் வீட்டுல இருக்கக் கூடாது. அத்தனையும் பிரிங்க. எண்ணுங்க."

"சீல உடைச்சா?" என்றார் மாமா.

"உடைச்சுத்தான்."

அடுத்த ஞாயிறு, பாப்பா உள்ளறையில் தூங்க, கதவை வெளியே தாழிட்டு, சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். மாமா பிளேடால் பிரிப்பார், அக்கா எண்ணுவாள், நான் தாளைப் படிப்பேன். முதல் பெட்டியின் சீலை அறுக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. பத்தாவது பெட்டிக்கு வரும்போது பல்லாலேயே கிழித்துவிடுவார் போலிருந்தது. "மாப்ளே, இங்க பாரேன், அடியில கியர்பாக்ஸ்கூட வெச்சிருக்கான்! திருப்பிப் போட்டாத்தான் தெரியும், ஆனாலும் வெச்சிருக்கான்!" எட்டு வருடமாக வீட்டிலிருந்த வண்டிகளை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலில் பார்த்தார். மேலே, கீழே, உள்ளே, எல்லாப் பக்கமும்.

பத்தொன்பதாவது ரொட்டி வேன். மாமா இரண்டு கதவுகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாற்றி வைத்தார். திருப்பி வைத்தார்.

"ரெண்டும் இடது கதவு" என்றார்.

பெட்டி வாங்கி ஆறு வருடம். அனுப்பியவரிடம் போய் இப்போது என்ன கேட்பது? ஆறு வருடமும் எடை மட்டும் கிராம் பிசகாமல் சரியாக இருந்திருக்கிறது. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசை ஆடும்படி, கண்ணில் நீர் வரும்படி சிரித்தார்.

"அப்ப டிரைவர் எந்தப் பக்கம்தான் எறங்குவான்?"

"ஏறுன பக்கமே எறங்கட்டும்" என்றாள் அக்கா. "டேய், இதுல எத்தனை போட்டிருக்கு?"

"இருபத்தாறு."

"இங்க இருபத்தாறு இருக்கு. சரியாப் போச்சு. அடுத்ததப் பிரிங்க."