கரடியின் வாயை அடைத்த சித்தப்பா

என் சித்தப்பா ரொட்டி வேன் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே பேக்கரியில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பதினொரு மணிக்குக் கடைசிக் கடையையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சித்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சித்தப்பா உள்ளே வரும்போது சித்தி செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் பகல் முழுவதும் அவர்களுடைய மகள் சித்தப்பாவின் பொறுப்பு. அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாங்கள் அதே வீட்டின் மாடியில் இருப்பதால் நான் பாதி நேரம் கீழேதான் இருப்பேன்.

சித்தப்பாவுக்கு வாய் ஓயாது. ஆனால் அதெல்லாம் தமிழில்தான். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற மொழியில் அவருக்குத் தெரிந்தது ரொட்டி இறக்கத் தேவையான அளவுதான். "எத்தனை தட்டு", "இங்கே கையெழுத்து", அதற்கு மேல் தலையை ஆட்டிச் சமாளிப்பார். குட்டி நர்சரியில் சேர்வதற்குள் இரண்டு மொழியும் அவள் காதில் விழ வேண்டும் என்று சித்தி முடிவு செய்தார். பன்னிரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு கரடி பொம்மை வரும், அதைத் தவறாமல் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மஞ்சள் தொப்பி போட்ட கரடி அது. ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும். கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். பிறகு "அப்படித்தான்!" என்று கைதட்டிவிட்டு, அந்தச் சொல்லைத் தமிழில் ஒரு முறை, பள்ளிக்கூட மொழியில் ஒரு முறை சொல்லும்.

இரண்டே வாரத்தில் குட்டி திமிங்கலத்தை இரண்டு மொழியிலும் சொன்னாள். சித்தி அதைக் காலண்டரில் எழுதி வைத்தார். சித்தப்பா அன்று மீதியான ஒரு பன்னை எடுத்து நீட்டி, இது என்ன சொல்லு பார்க்கலாம் என்றார். "அது" என்றாள் குட்டி. அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. கடலைப் பார்க்காத பிள்ளைக்குத் திமிங்கலம் தெரிகிறது, அப்பன் தினமும் சுமக்கிற பன் தெரியவில்லையே என்று என்னிடம் வந்து புலம்பினார். போதாக்குறைக்கு அவள் கரடியைத் "தொப்பி மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"மாமாவா? உங்கம்மாவுக்கு அவன் அண்ணனா, தம்பியா?" என்று குட்டியிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியா, கடைசியில ஒரு கரடி எனக்கு மச்சான் ஆயிட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஒரு நாள் போன் வந்ததும் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினார். பேசி முடித்தபோது திரையில் ஒரு குடை இருந்தது. கரடி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா தற்செயலாகக் "குடை" என்றார். குட்டி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். கரடியை விட்டுவிட்டு அவள் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து கரடிக்குச் சத்தமே இல்லை. பள்ளிக்கூட மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். நானும் எழுதிக் கொடுத்தேன், அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அவர் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கரடி வாயைத் திறந்ததும் தன் குரலில் சொல்வார். குட்டியும் கூடவே வாயைத் திறந்து திறந்து மூடுவாள். அவர் போட்ட சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போகிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். சித்திக்கு எதுவும் தெரியாது.

நர்சரியில் சேர்க்கும் நாளில் சித்தப்பா, சித்தியோடு படிவம் நிரப்ப நானும் போனேன். டீச்சருக்குத் தமிழும் தெரியும். எந்த மொழியில் சொன்னாலும் சரி என்று ஒரு யானைப் படத்தைக் காட்டினார். குட்டி வாயைத் திறந்தாள், மூடினாள், சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பழக்க தோஷம், அவர் "யானை" என்று சொல்லிவிட்டார். அடுத்தது பூனை. மறுபடியும் குட்டியின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது, மறுபடியும் குரல் சித்தப்பாவிடமிருந்து வந்தது.

"அட்மிஷன் உங்களுக்கா, பாப்பாவுக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் தண்ணீர் வேண்டும், பசிக்கிறது என்றெல்லாம் நன்றாகவே பேசுகிற பிள்ளை அவள். ஆனால் படம் என்றால் தான் வாயை அசைக்க வேண்டும், சத்தம் அப்பாவிடமிருந்து வரும் என்று பழகியிருந்தாள்.

டீச்சர் அவரையும் என்னையும் வெளியே நிற்கச் சொன்னார். வராந்தாவில் சித்தப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு உள்ளேயிருந்து குட்டியின் மெல்லிய குரலில் "நாய்" என்பது கேட்டது. கொஞ்சம் கழித்துப் பள்ளிக்கூட மொழியிலும் ஒரு சொல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சித்தி வெளியே வந்த வேகத்தைப் பார்த்து நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

எத்தனை நாளாக இது நடக்கிறது என்று எனக்குப் பின்னால் நடந்து வந்த சித்தி விசாரித்தார். சித்தப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"அவ பேசுறது எல்லாம் அந்தக் கரடி குடுத்த வார்த்தையா இருந்தா, அப்புறம் நான் எதுக்கு?" என்றார்.

தெரு திரும்பியதும் சித்தி சொன்னார். "கரடிக்குக் காது கேக்காது. அவ தப்பா சொன்னாலும் கைதட்டும், சொல்லாட்டியும் கைதட்டும். உங்களுக்குக் காது இருக்கு. நீங்களும் கேக்கலைன்னா அவ யார்கிட்ட சொல்லுவா?"

மறுநாள் கரடி சத்தத்தோடு வந்தது. சித்தப்பா ஸ்டூலை எடுத்துவிட்டுக் குட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு. மூன்று படங்களுக்கு அவள் வாயை மட்டும்தான் அசைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நான்காவதாக ஒரு ஏணி வந்தது.

"அப்பா ரேக்" என்றாள் குட்டி.

வேனுக்குள் ரொட்டித் தட்டுகளைச் செருகி வைக்கிற இரும்புச் சட்டத்தை அவர் ரேக் என்பார். அதுவும் ஏணி மாதிரிதான் இருக்கும். கரடி "அப்படித்தான்!" என்று கைதட்டியது.

"எப்படித்தான்? தெரியாம கைதட்டாதடா" என்று கரடியை அதட்டினார். ஆனால் காது வரைக்கும் சிரிப்பு. பிறகு குட்டியிடம், ரேக் மாதிரியே இருக்கிறது, ஆனால் இது ஏணி, ஏறுவதற்கு என்று இரண்டு விரல்களை அவள் கைமேல் ஏற்றிக் காட்டினார். "ஏணி" என்றாள் அவள். சத்தமாகவே சொன்னாள்.

ஏணிக்குப் பள்ளிக்கூட மொழியில் என்ன என்று அவருக்குத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்ததிலும் அது இல்லை. கரடி சொல்லும்வரை காத்திருந்தார். அது சொன்னதும், குட்டி பார்க்காத நேரத்தில் தானும் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கரடியைப் பார்த்த பார்வை மட்டும் அப்போதும் கடுகடுவென்றுதான் இருந்தது.