மூச்சுப் பிடிக்கச் சொன்ன கை

ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சில் படுத்திருந்த மில்லுக்காரருக்குக் குளிரில் கால் வெடவெடத்தது. அந்தப் பக்கமாக வந்த டாக்டரம்மா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவர் பாதங்களில் சுற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்துவிட்டார். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிய மில்லுக்காரரின் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

‘இருட்டு ரூம் டாக்டர்’ என்றுதான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்குப் பெயர். நாளெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுப் படங்களின் முன்னால் உட்கார்ந்திருப்பார். நோயாளிகள் அவர் முகத்தையே பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் திரும்பி வந்து எதிரே நின்றதும் மனைவி தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் எடுத்த படத்தில், இரைப்பையின் மேல்பக்கம் கட்டிபோல ஒன்று இருந்தது. நாளைக்கு வாய்வழியாகக் குழாய் விட்டு அதில் ஒரு துணுக்கு வெட்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

“படம் கலங்கிப்போயிருக்கும்மா. மூச்சைப் பிடிக்கச் சொன்னப்போ இவர் பிடிக்கவே இல்லையே?”

“மர மில்லுல ரம்பத்துக்குப் பக்கத்துலயே கிடந்த காதுங்க டாக்டர். நான் கத்துறதே கேக்காது, உங்க மிஷின் சொல்றதா கேக்கப்போவுது?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். “கல்லீரல் சுருங்கியிருக்கு, மண்ணீரல் வீங்கியிருக்கு. அதான் எனக்குச் சந்தேகம். அது கட்டியா இல்லாம புடைச்ச ரத்தக்குழாயா இருந்தா, வெட்டின உடனே ரத்தம் கொட்டிடும். சாய மருந்து ஏத்தி இன்னொரு தடவை பார்த்துடுவோம்.”

கதிர் படாமலிருக்கக் கனமான ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு அவரே உள்ளே போனார். மில்லுக்காரரின் கையைப் பிடித்து, அழுத்தினால் மூச்சடக்க வேண்டும், தளர்த்தினால் விடலாம் என்று சைகையிலேயே பழக்கினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மனைவி, மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டபடி தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயம் ஏற்றியதும் முதலில் எடுத்த படத்தில் அது மங்கலாகவே கிடந்தது. சற்றுப் பொறுத்து, சாயம் உடம்பெல்லாம் சுற்றித் திரும்பும் நேரத்தில் மறுபடி எடுத்தார்கள். கல்லீரலுக்குப் போகும் பெரிய குழாய் எப்படி வெளுத்ததோ, அதேபோல் அதுவும் வெளுத்து, பின்னிக்கிடக்கும் கொடியாக வளைந்து வளைந்து தெரிந்தது.

“ரத்தக்குழாய்தாம்மா. கல்லீரல்ல வழி அடைச்சதால ரத்தம் இந்தப் பக்கமா திரும்பி வீங்கியிருக்கு. நாளைக்கு வெட்டுறதெல்லாம் கிடையாது. வார்டுக்கு நானே போன் பண்ணிடுறேன்.”

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையினூடே, “நான் இங்க செத்துப் பிழைக்கிறேன், இவரைப் பாருங்க, புது மாப்பிள்ளையாட்டம் படுத்திருக்காரு!” என்றாள்.

புடைத்த குழாய்களை மருந்து செலுத்தி அடைத்தார்கள். கல்லீரலுக்கு வைத்தியம் தொடர்ந்தது. சில மாதங்கள் கழித்து, டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று கேள்விப்பட்டு இருவரும் பார்க்கப் போனார்கள். அவர் படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தார்.

“ரத்தமா வாந்தி எடுத்தாலோ, கறுப்பா வெளிக்குப் போனாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே தூக்கிட்டு வந்துடுங்க. அப்புறம், இவரைத் திட்டுறதை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா. ஒண்ணும் கேக்காட்டியும் உங்க முகத்தையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்காரு.”