சால்னாவில் ஒரு விளையாட்டு

தூத்துக்குடியில் என்னோடு படித்த செல்வம் இப்போது என்னைப் போலவே புனேயில், நிக்டி பகுதியில் இருக்கிறான். போன மாதம் என்னையும் என் மனைவியையும் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டான். சில வருஷமாக எறால் எனக்கு அலர்ஜி என்று முன்பே சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பரோட்டா கடையைப் பற்றிச் சிரித்துப் பேசியபடியே சால்னா ஊற்றினான். நாலு வாய் தின்றதுமே உதடு வீங்கி, தொண்டை அடைத்தது.

"இதுல என்னல போட்ட?"

"எறால்தான். அந்தக் கடையில எறால் சால்னாவ அள்ளித் தின்னவன், இப்ப அலர்ஜின்னு பந்தா காட்டுதியேன்னு சொல்லாமப் போட்டேன்."

என் மனைவிதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ஊசி போட்ட பிறகே மூச்சு வந்தது. மறுநாள் என் வீட்டுக்கு வந்த செல்வம், "விளையாட்டுக்குத்தானல செஞ்சேன்" என்றான்.

"சாவு உனக்கு விளையாட்டா? வெளிய போ!" என்று கத்திவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டிலும் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேட்டுவிட்டுத்தான் கை நனைக்கிறேன். செல்வம் வீட்டுப் படியை மிதிப்பதே இல்லை.