மேட்னியில் பார்த்த மாப்பிள்ளை

போன வாரம் என் தங்கச்சி மகன், முப்பது வயதுத் தடியன், செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஏதோ பேய்ப் படத்தின் இரண்டாம் பாகமாம். முதல் பாகத்தில் செத்துப்போன கொலைகாரன் ஆவியாகத் திரும்பி வந்து ஓர் அண்ணனையும் தங்கச்சியையும் துரத்துகிறான். "பயமா இருக்குங்களா மாமா?" என்றான். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. இதே கண்றாவியை வேறு பெயரில் எண்பதுகளிலேயே ராசிபுரத்தில் பார்த்தாயிற்று. அதுவும் பட்டப்பகலில், மேட்னி ஆட்டம்.

நாங்கள் பார்க்கப் போனது படத்தை அல்ல, மாப்பிள்ளையை. அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாமென்று போனால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் முதலில் கோயிலிலோ சினிமாக் கொட்டகையிலோ தற்செயலாகப் பார்த்துக்கொள்வது போல ஒரு நாடகம் நடக்கும். என் தங்கச்சிக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அப்பா இல்லை; இதையாவது முடித்துவைப்பது என் பொறுப்பு. மாப்பிள்ளை சேந்தமங்கலத்துக்காரர், கொல்லிமலை வளைவுகளில் லாரி ஓட்டுகிறவர். சாமி படம் ஓடுகிறதென்று நம்பி நாள் குறித்தோம். போனால் வாசலில் மண்டையோடு போட்ட தட்டி நிற்கிறது! சாமி படத்துப் பெட்டி சேலத்திலிருந்து வந்து சேரவில்லையாம். கையிலிருந்த பேயை ஓட்டிவிட்டார்கள். திரும்பினால் சகுனம் சரியில்லை என்பார்களே என்று உள்ளே போனோம்.

தங்கச்சியும் என் மனைவியும் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம், நடுவே இடுப்பளவுச் சுவர். மாப்பிள்ளை எனக்கு முன் வரிசையில் இருந்தார். படத்தின் முதல் பாகம் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. கொலைகாரன் யாரைக் கொன்றான், ஏன் கொன்றான், ஒருத்தருக்கும் தெரியாது. இருந்தும் திரும்பி வந்தவனுக்கு விசில் பறந்தது. அவன் முகத்தில் அப்பியிருந்த மாவு ஆத்தூர் ஜவ்வரிசி மில்லில் மூட்டையாக வாங்கினது போலிருந்தது. காலில் கான்வாஸ் ஷூ வேறு. வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்க, படத்து அண்ணனும் தங்கச்சியும் மாடிப்படி ஏறி ஓடினார்கள். அட கூறுகெட்டதுகளா!

ஆவி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பாய்ந்தது. "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல். படத்தில் அல்ல, முன் வரிசையில். மாப்பிள்ளை சோடா பாட்டிலை உருட்டிவிட்டு, ஒரு பெரியவர் காலை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார். கொட்டகையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அந்தப் பெரியவர் முன் குனிந்து, "பயந்துட்டனுங்க, மன்னிச்சுக்கங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஓர் ஆம்பிளை அதை இப்படியா வெளியே சொல்வது!

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் வெடித்தேன். "மாவு பூசுன பேயிக்கு ஓடறவனுக்கா உன்னயக் குடுக்கறது? வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

தங்கச்சி தலை நிமிரவில்லை. "எனக்குப் புடிச்சிருக்குங்ண்ணா."

"எதப் பாத்து?"

"பயப்படறாரு. பயந்தேன்னும் சொல்றாரு. அப்பேர்ப்பட்ட ஆளு ஊட்டுல கை நீட்டமாட்டாருங்ண்ணா." பிறகு மெதுவாக, "நீங்கதான் எதுக்கும் பயப்படறதில்லையே. உங்க செருப்புச் சத்தம் கேட்டா அண்ணி கை நடுங்குமே, அதப் பாத்திருக்கீங்களா?"

என் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். தங்கச்சியை அங்கேயே அறைந்திருப்பேன்; சுற்றிலும் ஆள் இருந்ததால் தப்பித்தாள். என்ன வீரம் பாருங்கள்!

கல்யாணம் நடந்தது. மச்சான் இன்றைக்கும் கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறிவிடுவார், தங்கச்சிதான் விளக்குமாறு எடுப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் கண் கலங்கி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்தக் கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். இடுப்பளவுச் சுவர் போயிற்று, தற்செயல் நாடகம் போயிற்று. போகட்டும், எவனுக்கு வேண்டும் அந்தக் கர்மம்.

என் மனைவியும் போய் மூன்று வருஷம் ஆகிறது. வயதான பிறகு நான் அவளை அடித்ததே இல்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடலாமென்று கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.